‘சுயவிருப்பம்’ என்று தலைப்பிட்ட படிவம்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவிலிருந்து நீ பேசியபோது, தனியாரிடம் கைமாறப் போகும் ஒரு பொதுச் சேவைக்கான ஆட்குறைப்புத் திட்டத்தை வரையும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகச் சொன்னாய். தொழிற்சங்கக்காரர் மட்டுமே ஒத்துழைக்க மறுக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டாய். பிறகு சிரித்தபடி, “நீங்களும் ஒருகாலத்தில் குளிருக்குள் பதாகை பிடித்துக்கொண்டு நின்றீர்கள்தானே அம்மா, கடைசியில் என்ன நடந்தது?” என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. தேத்தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். நீ பல்கலைக்கழக விடுதியில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி வீட்டில் நான் எவரிடமும் முழுதாகப் பேசியதில்லை. பேசினால் கோபம் முந்திக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்பது உனக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், ஆனால் நீ பேசிய விதத்தைக் கேட்டபின் அது ஐயமாகிவிட்டது. அம்மம்மா உயிரோடு இருந்தவரை ஊரில் எல்லோரிடமும் “பிள்ளை லண்டனில் கோர்ட்டில வேலை” என்றுதான் சொல்லி வந்தார். நானும் திருத்தவில்லை, ஏனென்றால் நன்னடத்தைச் சேவை என்று சொன்னால் அடுத்து வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது. நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியில் வைத்துத் தண்டிக்கும்போதும், சிறையிலிருந்து ஒருவர் விடுதலையாகி வரும்போதும், அவர் மறுபடியும் குற்றத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதும், விழக்கூடிய அறிகுறி தெரிந்தால் முன்கூட்டியே தடுப்பதும் எங்கள் பொறுப்பு. இங்கிலாந்தில் இதன் வேர் 1876இல் இருக்கிறது. பிரெடெரிக் ரெய்னர் என்ற அச்சகக்காரர், பொலிஸ் நீதிமன்றங்களில் குடிப்பழக்கத்தால் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படும் மனிதர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு திருச்சபைச் சங்கத்துக்கு ஐந்து சிலிங் அனுப்பினாராம். 1907ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் கடமையை மூன்றே சொற்களில் வரையறுத்தது: அறிவுரை சொல்லு, உதவு, நட்பாயிரு. பின்னர் வந்த அரசுகள் அந்தச் சொற்களைக் கைவிட்டுவிட்டன, ஆனால் பழைய உத்தியோகத்தர்கள் அவற்றைச் சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள்.

2012இல் கிறிஸ் கிறேலிங் நீதி அமைச்சரானபோது எங்கள் சேவை விழுந்து கிடந்த ஒன்று அல்ல என்பதை நீ முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எங்கள் சேவையை நடத்திய, நன்னடத்தை அறக்கட்டளைகள் என்ற 35 பொது அமைப்புகள் இருந்தன. அரசின் சொந்த மதிப்பீட்டிலேயே அவை அனைத்தும் நன்று, மிக நன்று என்ற தரங்களில் இருந்தன. 2011இல் சேவை முழுவதற்குமாகப் பிரிட்டிஷ் குவாலிட்டி பவுண்டேசன் என்ற அமைப்பின் தங்கப் பதக்கமும் கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் 2013இல் அவர் முன்வைத்த திட்டம் சேவையை இரண்டாகப் பிளந்தது. பிறருக்குத் தீங்கு செய்யக்கூடிய ஆபத்து அதிகமுள்ளோரை அரசின் தேசிய நன்னடத்தைச் சேவையின் பொறுப்பாகவும், குறைந்த ஆபத்தும் நடுத்தர ஆபத்தும் உள்ளோரை, அதாவது மொத்த வேலையில் ஏறத்தாழ 70 வீதத்தை, ஏலத்தில் எடுக்கும் 21 சமூக மறுவாழ்வு நிறுவனங்களின் பொறுப்பாகவும் ஆக்குவது என்பதே அது. நிறுவனங்களுக்கான கொடுப்பனவில் ஒரு பகுதி, அவர்களுடைய மேற்பார்வையில் இருப்பவர்கள் திரும்பக் குற்றம் செய்கிறார்களா இல்லையா என்ற விளைவோடு பிணைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த சிறைத்தண்டனை பெற்றோருக்கும் விடுதலைக்குப் பின் மேற்பார்வை வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த எண்ணம் நல்லது, அதை நாங்கள் எவரும் மறுக்கவில்லை. அந்த நல்ல எண்ணத்துக்கான பணத்தை எங்கள் வேலைகளைக் குறைத்து எடுக்கப் போகிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆபத்து என்பது ஒரு மனிதரின் நெற்றியில் ஒட்டிய முத்திரை அன்று. இன்று நடுத்தரம் என்று பதிவானவர், வேலை போனால், மனைவி வீட்டைவிட்டு வெளியே அனுப்பினால், பழைய கூட்டாளி ஒருவர் சிறையிலிருந்து வந்தால், அடுத்த கிழமையே உயர்ந்த ஆபத்துக்குரியவராகிவிடுவார். அதை முதலில் கண்டுபிடிப்பவர் அவரைத் தொடர்ந்து பார்த்து வருபவர்தான். ஒருவரை இரண்டு நிறுவனங்களுக்கிடையில் கைமாற்றும் ஒரு ஏற்பாட்டில் அந்தக் கண் எங்கே இருக்கும் என்று கேட்டுத்தான் நன்னடத்தை உத்தியோகத்தர்களின் சங்கமான நாப்போ, 2013 நவம்பர் 5ஆம் திகதி நண்பகலிலிருந்து மறுநாள் நண்பகல் வரை வேலைநிறுத்தம் செய்தது. 1912இல் தொடங்கிய அந்தச் சங்கம் வேலைநிறுத்தத்தை எளிதில் கையிலெடுக்காத சங்கம். நீ கண்ட அந்தப் புகைப்படம், பதாகையோடு நான் மூக்குச் சிவந்து நிற்பது, அன்றைக்கு எடுத்தது. 2014 மார்ச் முடிவில் மறுபடியும் நின்றோம். தாதிமார் தெருவில் நின்றால் போகும் வாகனங்கள் ஒலியெழுப்பி ஆதரவு காட்டும். எங்களுக்கு ஒரு தபால்காரர் கையசைத்தார், மற்றவர்கள் நாங்கள் யாரென்றே கேட்கவில்லை. குற்றவாளிகளோடு வேலை செய்கிறவர்களுக்காக எந்த ஊரிலும் எவரும் அழுவதில்லை.

2014 யூன் 1ஆம் திகதி பிளவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில், எங்கள் கைகளில் எந்தெந்த ஆட்கள் இருந்தார்கள் என்பதைப் பார்த்து எங்களையும் இரு பக்கமாகப் பிரித்தார்கள். பத்து ஆண்டுகள் ஒரே மேசையில் உணவுப் பெட்டி திறந்து சாப்பிட்டவர்கள் இரண்டு தொழில்தருநரின் ஊழியர்களானோம். முழுத் தகுதி பெற்ற உத்தியோகத்தர்களில் பலர் அரசுப் பக்கம் போனார்கள். எழுதுவினைஞராகச் சேர்ந்து பின்னர் ஆட்களைப் பொறுப்பேற்கும் நிலைக்கு வந்த என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் நிறுவனப் பக்கம் வந்தோம். அரசு சங்கத்தைப் பிளக்க நினைத்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பிளந்த கூரையின் கீழ் ஒரே குடை பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆண்டு முழுவதும் கிளைக் கூட்டங்களில் பார்த்தேன். அவ்வாண்டின் கடைசியில் நாப்போ இந்த மாற்றத்தை எதிர்த்து நீதிமன்றத்தை நாடி, பின்னர் அந்த வழக்கை விலக்கிக்கொண்டது. அதில் என்ன பெற்றோம் என்று தலைமை விளக்கியது. எனக்கு அந்த விளக்கம் இன்றும் முழுதாக ஏற்புடையதாக இல்லை.

2015 பெப்ரவரி 1ஆம் திகதி நிறுவனங்கள் உரிமையாளர் கைக்குப் போயின. குற்றவாளிகளின் காலில் மாட்டும் மின்னணு வளையக் கண்காணிப்பில் அரசிடம் அளவுக்கு மீறிப் பணம் அறவிட்டதாகச் சிக்கலில் மாட்டியிருந்த ஜி ஃபோர் எஸ், சேர்க்கோ என்ற தனியார் நிறுவனங்கள் இந்த ஏலத்தில் முதன்மை ஒப்பந்தக்காரராக இடம்பெறவில்லை. நாக்ரோ என்ற தொண்டமைப்போடு சேர்ந்த பிரெஞ்சு நிறுவனமான சொடெக்சோ ஆறு பகுதிகளையும், இன்டர்சேர்வ் தலைமையிலான கூட்டு ஐந்தையும், வேர்க்கிங் லிங்க்ஸ் மூன்றையும் பெற்றன. எங்களை மேற்பார்வை செய்ய வேண்டிய தலைமை ஆய்வாளர் போல் மக்டவல், தம்முடைய மனைவி சொடெக்சோவின் நீதித்துறைப் பிரிவில் உயர் பதவியில் இருந்ததால், அதே பெப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது. அவருடைய நேர்மையைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஒரு சேவையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அதைச் சுற்றியுள்ள எல்லா உறவுகளும் சந்தையுறவாகிவிடுகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் திட்டத்துக்கு மிகவும் தொடர்புள்ள பகுதி இதற்கடுத்தது. ஒப்பந்தம் கைக்கு வந்து இரண்டு மாதம் முழுதாக முடியுமுன், தன்னுடைய ஆறு பகுதிகளிலும் சுமார் 600 வேலைகளைக் குறைக்கப்போவதாக சொடெக்சோ ஊழியர்களுக்கு அறிவித்தது. அங்கிருந்த பணியாளரில் மூன்றிலொரு பங்கு அளவிலான எண்ணிக்கை அது. குறைந்த ஆபத்துள்ளவர்கள் உத்தியோகத்தரைப் பார்க்காமல், வங்கியில் பணம் எடுக்கும் இயந்திரம் போன்ற ஒன்றில் வந்து தம் வருகையைப் பதிவு செய்யலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது. தாமாக விலகுவோருக்குக் கொடுப்பதாகத் தேசிய அளவில் முன்பே உடன்பட்ட நிபந்தனைகளைவிடக் குறைவான தொகை வைக்கப்படுகிறது என்று நாப்போவும் பொதுச் சேவை ஊழியர் சங்கமான யூனிசனும் தகராறு எழுப்பின. நிறுவனங்கள் பிற்பாடு, எதிர்பார்த்த அளவு ஆட்கள் நீதிமன்றங்களிலிருந்து வரவில்லை, ஆகவே வருமானம் குறைந்தது, ஆகவே செலவைக் குறைக்க வேண்டியிருந்தது என்று விளக்கம் சொன்னன. வருமானம் குறைந்தது உண்மைதான். ஆனால் இரண்டு மாதத்தில் எவருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. இந்தச் சேவையின் செலவில் பெரும்பகுதி சம்பளம்; கட்டடத்தை ஓரளவு சுருக்கலாம், கணினியை மாற்றலாம், அதற்கு மேல் இலாபம் எடுக்க வேண்டுமானால் ஊழியர்களைத்தான் குறைக்க வேண்டும். ஆகவே ஆட்குறைப்பு ஏலத்தொகைக்குள்ளேயே எழுதி வைத்திருந்த ஒன்று என்றே நான் எண்ணுகிறேன், இன்றும் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை. உன்னிடம் உள்ள விரிதாளில் அந்த எண் எந்தப் பத்தியிலிருந்து வருகிறது என்று நீயே பார்.

என் பகுதி எது, எங்களை எடுத்த நிறுவனம் எது என்பதை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அங்கே அன்று வேலை செய்த சிலர் இன்றும் அதே அலுவலகத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கும் ஆட்குறைப்பு அறிவித்தல் வந்தது. நான் அப்போது கிளைப் பிரதிநிதி. உடன்பட்ட தொகையை நிறுவனம் மதிக்கும்வரை எவரும் விலகல் படிவத்தைத் தொட வேண்டாம் என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்தோம், அந்தத் தீர்மானத்தை வாசித்தவளும் நான்தான். அடுத்த கிழமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு உறை வந்தது. அதற்குள் இருந்த படிவத்தின் தலைப்பில் ‘சுயவிருப்ப விலகல்’ என்று இருந்தது. குறித்த திகதிக்குள் ஒப்பமிட்டால் இன்ன தொகை, அதற்குப் பிறகு சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மட்டும் கிடைக்கக்கூடும் என்று கீழே எழுதியிருந்தது. ‘கூடும்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் பதினொரு இரவுகள் படித்துக்கொண்டிருந்தேன். எவரும் என்னை மிரட்டவில்லை. மேலாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார், அவருடைய வேலையும் அடுத்த பட்டியலில் இருந்தது.

மகள், உனக்கு இதுவரை நான் சொன்னது, நிறுவனம் என்னை நிறுத்திவிட்டது என்பது. அது பொய். பன்னிரண்டாம் நாள் காலை நான் ஒப்பமிட்டேன். தீர்மானம் வாசித்த கை அதே கை. அப்பாவிடம்கூட மாலையில்தான் சொன்னேன், அவர் “சரி, விடு” என்றதோடு நிறுத்திக்கொண்டார். உன் படிப்புச் செலவுக்காகச் செய்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதையும் நீ நம்ப வேண்டாம், உனக்குக் கடன் கிடைத்திருந்தது. எனக்குப் பயம், அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லோரும் ஒப்பமிட்டுவிடுவார்கள், கடைசியில் நிற்கிறவள் நானாக இருப்பேன் என்ற பயம். பின்னர் கணக்குப் பார்த்தால், அந்தக் கிழமையில் ஒப்பமிட்ட ஒவ்வொருவரும் இதே பயத்தில்தான் ஒப்பமிட்டிருக்கிறோம். ஒருவரையொருவர் நம்பாதவர்களைத் தனித்தனியாக்க ஒரு திகதியும் ஒரு உறையும் போதும்.

என் பொறுப்பில் இருந்த ஆட்களை ஒரு இளம் சகபணியாளரிடம் ஒப்படைக்க எனக்கு நான்கு நாட்கள் தந்தார்கள். அவளிடம் ஏற்கெனவே அவளுக்குரியவர்கள் இருந்தார்கள், என்னுடையவர்களில் பாதிக்குமேல் அவளிடம் சேர்ந்தார்கள். கோப்பில் இருப்பதையெல்லாம் சொல்லிவிட்டேன், கோப்பில் இல்லாததுதான் பிரச்சினை. செவ்வாய்க்கிழமைகளில் வரும் ஒரு மனிதர் இருந்தார். ஐம்பது வயது, களவு வழக்குகள், குடி. அவர் என்ன சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது அவருடைய சப்பாத்தை. சப்பாத்து உலர்ந்திருந்தால் விடுதியில் தூங்கியிருக்கிறார். நனைந்து ஓரத்தில் புல் ஒட்டியிருந்தால் விடுதியை விட்டுவிட்டார், ஆகவே மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார், ஆகவே பத்து நாட்களுக்குள் ஏதாவது ஒரு கடையில் பிடிபடுவார். இதை நான் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை, எழுதுவதற்கு அப்படியொரு பெட்டி அதில் இல்லை. அவளிடம் வாயால் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் குறித்துக்கொண்டாள். ஒப்பமிடாமல் நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 டிசம்பரில், புதிய தலைமை ஆய்வாளர் டேம் கிளெனிஸ் ஸ்டேசியின் ஆண்டறிக்கையில், சில இடங்களில் ஆட்கள் ஆறு கிழமைக்கு ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பால் மட்டுமே மேற்பார்வை செய்யப்படுகிறார்கள் என்று படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சப்பாத்துத்தான். தொலைபேசியில் அது தெரியாது. அந்த மனிதர் பிறகு என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் உரிமையும் எனக்கில்லை.

அதன்பின் நடந்தது பொதுப்பதிவில் இருக்கிறது, நீண்டு எழுதவில்லை. 2019 பெப்ரவரியில் வேர்க்கிங் லிங்க்ஸ் நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. அதே நாளில் வெளியான டோர்செட், டெவோன், கோர்ண்வோல் பகுதி ஆய்வறிக்கை, வணிகத் தேவைக்காகத் தொழில்நெறி கைவிடப்பட்டிருக்கிறது என்று கடுமையாகச் சொன்னது. அடுத்த மாதம் இன்டர்சேர்வ் விழுந்தது. அதே மார்ச்சில் ஸ்டேசி இந்த முழு மாதிரியும் திருத்த முடியாத குறையுடையது என்று எழுதினார். முதல் ஒப்பந்தங்கள் கேட்டதைவிடக் குறைந்தது 467 மில்லியன் பவுண் கூடுதலாக அமைச்சு செலுத்த நேர்ந்ததாகத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் கணித்தது. எங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதாகத் தொடங்கிய வேலை அது. 2021 யூன் 26ஆம் திகதி எல்லாம் மறுபடியும் அரசின் ஒரே சேவையாகி, தனியார் பக்கத்திலிருந்து 7,000க்கு மேற்பட்டோர் திரும்ப வந்தனர்.

அன்றிரவு நாப்போ நண்பர்கள் வாட்ஸ்அப்பில் வாழ்த்துகள் அனுப்பினார்கள். நான் பதில் போடவில்லை. சங்கம் சொன்னது சரியாகிவிட்டது என்று மகிழ ஒன்றும் இருக்கவில்லை, ஏனென்றால் விலகிப் போனவர்களில் அனுபவமுள்ளவர்கள் பலர் திரும்பி வரவில்லை. ஒன்றான சேவை ஆளில்லாமல் தவிப்பதையும், புதிதாகச் சேர்ந்த இளையவர்கள் அளவுக்கு மீறிய ஆட்களைச் சுமப்பதையும் ஆய்வாளர்களின் அறிக்கைகள் அதன்பிறகும் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. பெயர்ப்பலகையை ஒரே நாளில் திரும்ப மாட்டலாம். செவ்வாய்க்கிழமைகளில் சப்பாத்தைப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு வருவதற்கு ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும்.

நீ இந்தத் திட்டத்தை விட்டுவிட்டு எழுந்து வா என்று நான் கேட்கமாட்டேன். நீ விட்டால் இன்னொருவர் எழுதுவார், அவருக்கு அம்மா இப்படிக் கடிதம் எழுதமாட்டார். ஆனால் சங்கக்காரர் உன் கூட்டத்துக்கு வந்து, போகிற ஆட்களின் வேலை யார் தலையில் விழும் என்று கேட்டால், அதை மாற்றத்தை வெறுப்பவர்களின் பேச்சு என்று குறிப்பில் எழுதிவிடாதே. அந்தக் கேள்விக்கு உன் தாளில் பெயரோடும் எண்ணோடும் பதில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அவர்கள் கேட்பது சரி. கைவிடுகிற வேலை எது என்று நிறுவனம் எழுத்தில் சொல்லட்டும். அதே வேலையைக் குறைந்த ஆட்கள் செய்வார்கள் என்றால், அந்தக் குறைந்த ஆட்களையும் கூட்டத்துக்கு அழை. சங்கத்திலும் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள்: வெளியில் தீர்மானம் வாசித்துவிட்டு உள்ளே நடுங்குகிறவர்கள். உன் மேலதிகாரிகளுக்கு அது தெரியும், அதனால்தான் திகதி போடுகிறார்கள்.

உங்கள் பக்கம் பனி தொடங்கிவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். நான் அனுப்பிய கம்பளிக் கழுத்துத்துணி கிடைத்ததா? அப்பா மிளகாய்த்தூள் வறுக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார், அதைக் கிறிஸ்மஸுக்கு முன் தபாலில் சேர்க்கப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு அன்றைய படிவத்தின் பிரதியொன்றையும் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில், விலகுவதற்கான காரணத்தை விரும்பினால் எழுதலாம் என்று ஒரு இடம் விட்டிருக்கிறார்கள், அதை நான் வெறுமையாக விட்டேன். நீ வரையும் படிவத்தில் அந்த இடத்துக்கு எத்தனை வரி விட்டிருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லு.

அன்புடன்,
அம்மா